குடும்பத்தில் இரண்டு தற்கொலைகள். எனக்கும் அந்த மரபணு இருக்குமா?

வாசகர் கேள்வி, 2024 ஆகஸ்ட் 3

என் தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே தற்கொலை செய்துகொண்டவர். சித்தப்பா சில வருடங்களுக்கு முன்னால். இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். ஏறக்குறைய முடிவாகிவிட்ட ஓர் இடத்திலிருந்து "அது அவங்க ரத்தத்துலயே இருக்கு, வேண்டாம்" என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் நின்றது எனக்குப் பெரிதில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையிலேயே இது ரத்தத்தில் வருமா? மரபணு சோதனை செய்து பார்த்துவிடலாமா? எனக்கு இப்போது அப்படி எந்த எண்ணமும் இல்லை. ஆனால் ஒருநாள் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– பொன்னிக்கரை

ஆகஸ்ட் 4

நான் மருத்துவர் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் தாய்மாமா இப்படித்தான் இறந்தார். அதனால் இதே கேள்வியை வைத்துக்கொண்டு ரொம்ப காலம் படித்திருக்கிறேன்.

முதலில் நேரான பதில். நெருங்கிய சொந்தத்தில் தற்கொலை நடந்திருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து ஓரளவு கூடுகிறது. அதில் ஒரு பங்கு மரபிலிருந்து வருகிறது. ஆனால் "உனக்கு வரும், உனக்கு வராது" என்று ஒரு தனி ஆளைப் பார்த்துச் சொல்லும் மரபணு எதுவும் இல்லை. அப்படிச் சொல்லும் சோதனையும் உலகத்தில் எங்கேயும் இல்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள் தம்பி.

மரபா வளர்ப்பா என்பதைப் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி தத்துப் பிள்ளைகள். பெற்றவர்கள் ஒரு வீடு, வளர்த்தவர்கள் இன்னொரு வீடு. டென்மார்க்கில் 1924 முதல் 1947 வரை கோபன்ஹேகன் பகுதியில் நடந்த தத்துகளுக்கு முழுப் பதிவேடு இருந்தது. அதை வைத்து ஷுல்சிங்கர், கெட்டி ஆகியோரின் குழு 1979-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தத்துப் போய் வளர்ந்து பின்னாளில் தற்கொலையால் இறந்தவர்கள் 57 பேர். அவர்களைப் பெற்ற குடும்பங்களில் 269 உறவினர்கள். அந்த 269 பேரில் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஒப்பிடுவதற்காக எடுத்த மற்ற 57 தத்துப் பிள்ளைகளைப் பெற்ற உறவினர்களும் 269 பேர்தான். அதில் 2 பேர். வளர்த்த குடும்பங்களில் ஒருவர்கூட இல்லை. இறந்தவர்களும் பெற்ற உறவினர்களும் ஒரே கூரையின் கீழ் வாழவே இல்லை. அப்படியும் இந்த வேறுபாடு வந்திருக்கிறது. எனவே ஏதோ ஒன்று பிறப்போடு வருகிறது என்பதை மறுக்க முடியாது.

இதே எண்ணை மறுபக்கமிருந்தும் பாருங்கள். 269-இல் 257 பேர் அப்படி இறக்கவில்லை. தரகர் சொன்ன வாக்கியத்தில் இந்த 257 பேருக்கு இடமே இல்லை.

ஆகஸ்ட் 4, இரவு

எழுதி முடித்தபிறகு தோன்றியது, இதை முதலிலேயே போட்டிருக்கலாம். படிக்கிறவர்களில் யாருக்காவது இப்போது அந்த எண்ணம் இருந்தால் இழையை விட்டுவிட்டுப் பேசுங்கள். இந்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கென்றே இயங்கும் சிநேகா 044-24640050. இலங்கையில் 1926 என்ற எண்.

ஆகஸ்ட் 6

"இரட்டையர் ஆய்வு இருக்குமே, அதைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது. 1991-இல் அலெக் ராய் குழுவினர் வெளியிட்டது. ஒருவராவது தற்கொலையால் இறந்த இரட்டையர்களைத் திரட்டினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையர் 62 ஜோடி. அதில் 7 ஜோடிகளில் இருவருமே அப்படி இறந்திருந்தார்கள். வேற்றுக்கரு இரட்டையர் 114 ஜோடியில் 2 மட்டும். சதவீதத்தில் 11.3-க்கு 1.8.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரபியல் எடுக்கும்போது நான் எப்போதும் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. ஒத்த இரட்டையருக்கு மரபணுத் தொகுப்பு அநேகமாக அப்படியே ஒன்றுதான். மரபணுவே எல்லாவற்றையும் தீர்மானிக்குமானால் 62-இல் 62 வந்திருக்க வேண்டும். வந்தது 7. மீதி 55 ஜோடிகளில் அதே மரபணுவைச் சுமந்த இன்னொருவர் அப்படி இறக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கூடப் பிறந்த இரட்டையரைத் தற்கொலையில் இழந்து உயிரோடு இருப்பவர்களை ராய் பின்னர் தேடிப் பேசினார். ஒத்த இரட்டையரில் 26 பேரில் 10 பேர் தாங்களும் ஒரு கட்டத்தில் முயன்றதாகச் சொன்னார்கள். வேற்றுக்கரு இரட்டையர் 9 பேரில் ஒருவரும் இல்லை. எண்ணிக்கை சிறியது. கூடப் பிறந்தவரைப் பறிகொடுத்த துக்கம் இதில் எவ்வளவு என்று பிரிப்பதும் கஷ்டம். ஆனாலும் "மரபெல்லாம் கட்டுக்கதை" என்று பொன்னிக்கரைக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய்யான ஆறுதல் ரொம்ப நாள் தாங்காது.

ஆகஸ்ட் 7

"அப்படியானால் பாதிக்குப் பாதி மரபு என்று பத்திரிகையில் படித்தேனே" என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. இரட்டையர், குடும்ப ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 30 முதல் 55 சதவீதம் என்கிறார்கள். அந்த எண் ஒரு சமூகத்துக்கானது. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் எவ்வளவை மரபு வேறுபாட்டோடு சேர்க்கலாம் என்பதற்கு மட்டும்தான் அது. உங்களுக்கு 50 சதவீதம் வாய்ப்பு என்று அதற்கு அர்த்தமே கிடையாது. தினமும் யாராவது ஒருவர் இப்படித் தப்பாகப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடக்கிறார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நிஜமான வாய்ப்பைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் 2022-க்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 12.4. குடும்பத்தில் நடந்திருந்தால் ஆபத்து சுமார் இரண்டு, இரண்டரை மடங்கு என்று டென்மார்க் பதிவேடுகளை வைத்து 2002-இல் சொன்னார்கள். டென்மார்க் மடங்கை இந்தியக் கணக்கோடு பெருக்குவது கறாரான முறை இல்லை. ஆனாலும் அளவு புரியும். பெருக்கினால் ஆண்டுக்கு லட்சத்துக்கு 31 வருகிறது. மீதி 99,969 பேர்.

ஆகஸ்ட் 11

சரி, எந்த மரபணு? இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் சுற்றுவது பெரும்பாலும் பழைய கதை.

1976-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மேரி ஓஸ்பெரி, மனச்சோர்வு நோயாளிகளின் தண்டுவட நீரைச் சோதித்தார். செரோடோனின் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள் குறைவாக இருந்தவர்களிடம் தற்கொலை முயற்சி அதிகம் என்று கண்டார். அதிலிருந்து எல்லோரும் செரோடோனின் மரபணுக்களைத் துரத்த ஆரம்பித்தார்கள். செரோடோனினை நரம்புக்குள் திரும்ப இழுக்கும் புரதத்தின் மரபணுவில் குட்டை வடிவம், நெட்டை வடிவம் என இரண்டு உண்டு. குட்டை வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கையில் அடிபட்டால் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுகிறது என்று 2003-இல் வந்த ஆய்வு பெரும் புகழ் பெற்றது. நானே அதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அப்போது பாடப்புத்தகம் தாண்டிக் கிடைத்த சுவையான செய்தி அதுதான்.

அப்புறம் கணினியும் தரவும் பெருகின. 2019-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பார்டர் குழுவினர், மனச்சோர்வோடு சேர்த்துப் பேசப்பட்ட 18 புகழ்பெற்ற மரபணுக்களை லட்சக்கணக்கானவர்களின் தரவில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ 18 மரபணுவை எடுத்திருந்தால் என்ன கிடைக்குமோ, அதைவிட ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அந்த குட்டை நெட்டை மரபணுவும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இப்போது செய்வது வேறு முறை. எந்த மரபணுவையும் முன்கூட்டியே சந்தேகப்படாமல் முழுத் தொகுப்பையும் அலசுவார்கள். தற்கொலை முயற்சி பற்றிய அப்படிப்பட்ட பெரிய அலசல் 2023-இல் வந்தது. முயன்றவர்கள் 43,871 பேர், ஒப்பீட்டுக்கு 9,15,025 பேர். யூட்டா பல்கலைக்கழகத்தின் அன்னா டோகெர்ட்டி தலைமை ஆசிரியர்களில் ஒருவர். மரபணுத் தொகுப்பில் கிடைத்தது 12 இடங்கள். ஒவ்வொன்றும் ஆபத்தை மிக மிகச் சின்ன அளவுதான் தள்ளுகிறது. இந்த முறையில் அளக்கக்கூடிய பொதுவான மரபு வேறுபாடுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும், ஆளுக்கு ஆள் ஆபத்தில் தெரியும் வேறுபாட்டில் 5.7 சதவீதத்துக்குத்தான் விளக்கம் கிடைத்தது.

12 இடம் என்றதும் அந்தப் பன்னிரண்டையும் சோதித்துவிடலாமே என்று தோன்றும். அந்த இடங்களில் இருக்கும் வடிவங்கள் நம்மில் கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கின்றன. அதை வைத்து ஓர் ஆளைத் தனியே பிரித்து எடுக்க முடியாது. இன்னொன்று, அந்தத் தரவில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிக அதிகம். ஆப்பிரிக்க, கிழக்காசிய, லத்தீன் வம்சாவளியினரைச் சேர்த்திருந்தார்கள். தெற்காசியருக்குத் தனிப் பிரிவே இல்லை. நம் ஊர்க்காரருக்கு அந்தக் கணக்கைப் போட்டு ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் அதற்கு மதிப்பே கிடையாது.

ஆகஸ்ட் 12

ஒரு மருத்துவ மாணவி எழுதியிருக்கிறார்: இது வெறும் மனச்சோர்வின் மரபுதானே, தற்கொலைக்கென்று தனியாக என்ன இருக்கிறது?

மிக நல்ல கேள்வி. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் பழைய முறை ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் வாழ்கிறார்கள். கட்டுக்கோப்பான கிராம வாழ்க்கை, வம்சாவளிக் குறிப்புகள் துல்லியமானவை. ஜேனிஸ் எக்லேண்டும் ஜேம்ஸ் சசெக்ஸும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், 1880 முதல் 1980 வரை நூறு ஆண்டுகளில் அந்தச் சமூகத்தில் நடந்தது 26 தற்கொலைகள். அதில் 24 பேருக்குப் பெரிய அளவில் மனநிலைக் கோளாறு இருந்தது. 26-இல் நாலில் மூன்று பங்குக்கு அருகே நான்கே குடும்பங்களில் விழுந்திருக்கிறது.

அதே சமூகத்தில் வேறு சில குடும்பங்களிலும் மனநிலைக் கோளாறு தலைமுறை தலைமுறையாக நிறைய இருந்தது. அங்கே ஒரு தற்கொலைகூட இல்லை. அப்படியென்றால் நோயின் மரபு ஒரு வழியாக வருகிறது, அந்த நோயின் நடுவே உயிரை மாய்த்துக்கொள்ளத் துணியும் தன்மை பெரும்பாலும் வேறு ஒரு வழியாக வருகிறது. 2022-இல் வந்த இன்னொரு முழுத்தொகுப்பு ஆய்வும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ஏழாம் குரோமோசோமில் ஓர் இடம், மனநோய்களின் பங்கைக் கழித்த பிறகும் தற்கொலை முயற்சியோடு ஒட்டிக்கொண்டே இருந்தது.

அந்தத் துணியும் தன்மை என்ன? பிட்ஸ்பர்கில் டேவிட் பிரெண்ட், நியூயார்க்கில் ஜான் மான் இருவரும் பல வருடமாக இதைத் தொடர்கிறார்கள். மனநிலைக் கோளாறு உள்ள 334 பெற்றோர், அவர்களின் 701 பிள்ளைகள். 2015-இல் வந்த முடிவு: பெற்றவர் ஒருமுறை முயன்றிருந்தால் பிள்ளை முயலும் வாய்ப்பு கிட்டத்தட்ட 5 மடங்கு. பிள்ளைக்கு மனச்சோர்வு இருக்கிறதா இல்லையா என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு போகவில்லை. சட்டென்று கொதிப்பது, ஆத்திரத்தில் யோசிக்காமல் செய்துவிடுவது என்ற சுபாவம் இடையில் ஒரு கண்ணியாக இருக்கிறது என்பது அவர்கள் கண்டது.

இது எனக்கு நம்பிக்கை தருகிற விஷயம். ஆத்திரத்தை அடக்கிக்கொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியும், வகுப்பறையில் அதைச் செய்கிறோம்.

ஆகஸ்ட் 18

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். "பெண் கொடுக்கிற இடத்தில் நாலையும் விசாரிப்பது தப்பா?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவரது கவலை எனக்குப் புரிகிறது. எனக்கும் மகள் இருக்கிறாள்.

அம்மா, 2022-இல் மட்டும் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் 19,834. ஒரே வருடக் கணக்கு இது. ஒவ்வொருவருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெரியப்பா, சித்தி, பேரன் பேத்தி எத்தனை பேர் என்று பெருக்கிப் பாருங்கள். விசாரித்து ஒதுக்க ஆரம்பித்தால் பெண் கொடுக்க வீடு மிஞ்சாது. "எங்கள் பக்கம் அப்படி யாரும் இல்லை" என்று சொல்கிறவர்களில் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வதில்லை. என் மாமா இறந்தபோது எங்கள் பாட்டி ஊருக்குச் சொன்னது நெஞ்சுவலி. பாட்டியைக் குறை சொல்லவில்லை. கல்யாணத்துக்குக் காத்திருந்த என் சித்திகள் இருவரை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொன்னாள்.

விசாரித்து ஒதுக்குவதால் என்ன நடக்கிறது என்றால் எல்லோரும் மறைக்கிறார்கள். மறைத்தால் அடுத்த தலைமுறைக்கு மருத்துவம் தவறிப்போகிறது. இதற்கு எங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது, அதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21

கேட்டுவிட்டேன், எழுதச் சொன்னார்.

மாமாவின் மகன், என்னைவிடச் சின்னவர். அப்பா போனபோது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். இருபதுகளில் ஒருமுறை முயன்று பிழைத்தார். மருத்துவமனையில் சேர்த்ததும் "குடும்பத்தில் யாருக்காவது மனநலப் பிரச்சினை, தற்கொலை?" என்று கேட்டார்கள். அத்தை "அப்பா நெஞ்சுவலியில போனாரு" என்றாள். அவளுக்கு அது சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பதில். மனச்சோர்வு என்று எழுதி அதற்கான மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் நன்றாக இருப்பார், திடீரென்று தூக்கமே இல்லாமல் ராத்திரி முழுக்க திட்டம் போடுவார், கடன் வாங்குவார், அப்புறம் படுத்தபடுக்கை.

இன்னொரு மருத்துவரிடம் போனபோது நானும் கூடப் போனேன். அத்தை வெளியே இருந்த நேரத்தில் மாமாவைப் பற்றி உள்ளதைச் சொன்னேன். அவர் உடனே கேட்டது, "இறந்ததை விடுங்க, இருந்தப்போ எப்படி?" என்று. மாமா ஒரு வருடம் யாரையும் கேட்காமல் நிலத்தை அடகு வைத்து லாரி வாங்கினார், வாரக்கணக்கில் தூங்காமல் ஓட்டினார், பிறகு மாதக்கணக்கில் அறையை விட்டே வரவில்லை. இதைச் சொன்னதும் மருத்துவரின் கேள்விகள் வேறு பக்கம் திரும்பின. மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறு என்று முடிவானது. வெறும் மனச்சோர்வு மாத்திரை அந்த நோயில் சிலரை எதிர்ப்பக்கம் தூக்கிவிடும் என்றார். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தை ஆரம்பித்தார்கள். இன்றைக்குக் கடை வைத்திருக்கிறார், இரண்டு பிள்ளைகள்.

சர்க்கரை நோய்க்காகப் போனால் "அப்பா அம்மாவுக்கு இருக்கா?" என்று கேட்பார்கள், நாமும் கூசாமல் சொல்வோம். சொன்னால் சீக்கிரம் ரத்தம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். குடும்பத்தில் நடந்த தற்கொலையை அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் நான் இந்த இழை முழுக்கச் சொல்ல நினைப்பது. அது மருத்துவருக்குத் தேவைப்படும் தகவல். கல்யாணத் தரகருக்கு அதில் வேலை இல்லை.

ஆகஸ்ட் 22

லித்தியம் பற்றி மூன்று பேர் கேட்டதால். மருத்துவர் சொல்லாமல் யாரும் தொட வேண்டாம். தற்கொலை ஆபத்தைக் குறைக்கும் என்று நீண்டகாலச் சான்று உள்ள மருந்து அது. 2013-இல் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 48 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மனநிலைக் கோளாறு உள்ளவர்களில் லித்தியம் எடுத்தவர்களிடம் தற்கொலை குறைவு என்று காட்டியது. அதற்கு எதிராகவும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 519 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான சோதனையில் பலன் தெரியவில்லை, பாதியில் நிறுத்தினார்கள். அதில் பலருக்குப் போதைப் பழக்கம் உள்பட வேறு பிரச்சினைகளும் சேர்ந்திருந்தன. எனவே எல்லோருக்குமான மருந்து என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

அளவுக்கும் அதிகத்துக்கும் இடைவெளி மிகக் குறைவான மருந்து இது. ரத்தத்தில் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். வாந்தி பேதி என்றால் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். கடையில் சும்மா வாங்கிப் போடும் சில வலி மாத்திரைகளும் அளவை ஏற்றும். கத்திரி வெயிலில் மாமா பையன் கடைக்குப் போனால் தண்ணீர் பாட்டில் எடுத்தாரா என்று அவர் மனைவி வாசலில் நின்று பார்ப்பார்.

ஆகஸ்ட் 30

"மரபு என்று நிரூபித்துவிட்டீர்கள், அப்புறம் தடுப்பு எதற்கு?" என்று ஒருவர். இதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

இலங்கையில் 1995-இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அதிக நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. பத்து வருடத்தில் விகிதம் பாதியானது, அதற்கப்புறமும் இறங்கியது. இத்தனைக்கும் அந்தக் காலத்தில் பாதிக்குமேல் போர் நடந்துகொண்டிருந்தது. அங்குள்ளவர்களின் மரபணு பத்து வருடத்தில் மாறிவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது மாறியது. ஒரு கொதிப்பான மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் வாழ்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

பின்லாந்து, ஹங்கேரி இரண்டும் அதிகத் தற்கொலைக்குப் பேர்போனவை. இரண்டு மொழியும் ஒரே குடும்பம் என்பதால் அந்த மக்களின் மரபிலேயே ஏதோ இருக்கிறது என்றுகூட ஒரு கருதுகோள் உலவியது. ஹங்கேரியில் 1980-களில் லட்சத்துக்கு 45 வரை போனது. பின்லாந்தில் 1990-இல் 30. பின்லாந்து 1986-இலேயே நாடு தழுவிய தடுப்புத் திட்டம் தொடங்கியிருந்தது. இன்று இரண்டு நாட்டிலும் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மக்கள் அதே மக்கள்தான்.

செப்டம்பர் 2

"முன்னோர்களின் துயரம் டி.என்.ஏ.வில் பதிந்து பேரனுக்கு வரும்" என்று ஒரு காணொளியைப் பகிர்ந்திருக்கிறார்கள். அது மேற்கோள் காட்டும் ஆய்வு மான்ட்ரியாலில் நடந்தது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மீனி, குஸ்தாவோ துரெக்கி, பாட்ரிக் மெக்கோவன் குழு, 2009. கியூபெக் மூளைச் சேமிப்பகத்திலிருந்து 36 பேரின் மூளைத் திசுவை எடுத்தார்கள். சிறுவயதில் கொடுமைக்கு உள்ளாகித் தற்கொலையால் இறந்தவர்கள் 12, கொடுமை இல்லாமல் அப்படி இறந்தவர்கள் 12, வேறு காரணத்தால் இறந்தவர்கள் 12. கொடுமை அனுபவித்தவர்களின் மூளையில், மன அழுத்தத்தைத் தணிக்க உதவும் ஒரு மரபணுவின் மேல் வேதிப் பூச்சு கூடியிருந்தது, அதன் வேலை குறைந்திருந்தது.

அந்த ஆய்வு சொல்வது அவ்வளவுதான். பேரனுக்கு வந்தது என்று அதில் ஒரு வரியும் கிடையாது. அது சொல்லும் விஷயமே போதுமான அளவு பெரியது: பிள்ளையை அடித்து வதைத்தால் அது மூளையின் வேதியியல் வரைக்கும் போகிறது. தாத்தாவின் துயரத்தைத் தேடுவதைவிட இன்று வீட்டில் இருக்கும் பிள்ளையை அடிக்காமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

செப்டம்பர் 10

இன்று தற்கொலைத் தடுப்பு நாள். பள்ளியில் மேல் வகுப்புகளுக்குப் பேசினேன். ஒரு பெண் பிள்ளை தனியாக வந்து "மிஸ், எங்க வீட்லயும்" என்று ஆரம்பித்தாள். பிறகு பேசினோம். அவளது பெற்றோருக்கும் தெரியும், இப்போது ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கிறாள். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

செப்டம்பர் 15

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு. முயன்றவர்மேல் வழக்குப் போடுவார்கள் என்ற பயத்தில்தான் பல வீடுகளில் தவறிச் சாப்பிட்டுவிட்டார், தீராத வயிற்றுவலி என்றெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கடமையில் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது பற்றிய 226-ஆவது பிரிவு மட்டும் தனியாக இருக்கிறது. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லப் பயப்பட வேண்டாம்.

செப்டம்பர் 29

நம் ஊர்த் தரவு வேண்டும் என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். சென்னையில் 1986-இல் சிநேகாவைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், ராஜ்குமாருடன் சேர்ந்து 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தற்கொலையால் இறந்த 100 பேர், அதே வயதும் பாலினமும் உள்ள அக்கம்பக்கத்தினர் 100 பேர். மனநோய், சமீபத்தில் வாழ்க்கையில் விழுந்த அடி, குடும்பத்தில் மனநலப் பிரச்சினை இவை மூன்றும் பெரிய காரணிகளாக வந்தன. குடும்பம் இங்கேயும் வருகிறது, ஆனால் தனியாக வரவில்லை. கூட வரும் மற்ற இரண்டுக்கும் நாம் ஏதாவது செய்ய முடியும்.

அக்டோபர் 13

பொன்னிக்கரை மறுபடி எழுதியிருக்கிறார். சில வாரமாகத் தூக்கம் சரியில்லை, பயம் விடவில்லை, மனநல மருத்துவரைப் பார்க்க முடிவு செய்துவிட்டேன், முதல் தடவை போகும்போது என்ன சொல்வது என்று.

நல்ல முடிவு தம்பி. தாத்தா, சித்தப்பா இருவரும் எந்த வயதில் போனார்கள் என்று அப்பாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அவர்கள் இருந்தபோது எப்படி இருந்தார்கள் என்பது. குடித்தார்களா, மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தார்களா, தூக்கமில்லாமல் பறந்தார்களா, சட்டென்று கோபம் வருமா. யாராவது மருந்து சாப்பிட்டார்களா, எது கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை. நெருங்கிய சொந்தத்தில் ஒருவருக்கு ஒரு மருந்து நன்றாகக் கேட்டிருந்தால் மருத்துவர் அதையும் கவனிப்பார். உங்களைப் பற்றிச் சொல்லும்போது அந்த எண்ணம் வந்தால் வந்தது என்று சொல்லுங்கள், வரவில்லை என்றால் பயம் மட்டும்தான் என்று சொல்லுங்கள், இரண்டும் வேறு வேறு. அப்பா சொல்லத் தயங்கினால் அத்தைகளில் யாரையாவது கேளுங்கள், வீட்டுப் பெண்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். சித்தப்பாவின் பழைய மருந்துச் சீட்டு பீரோவில் எங்காவது கிடக்கும், அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.